703 ரூபாய்க்குச் சில்லறை இருக்கா? குற்றாலத்துக்காரர் முடித்துவைத்த உலகக் கணக்கு!

ஒரு கோடியோ, லட்சம் கோடியோ... எவ்வளவு பெரிய முழு எண்ணைச் சொன்னாலும் அதை அடக்க 73 போதும் என்று நிரூபித்தவர் எஸ்.எஸ்.பிள்ளை. ராமானுஜனைத் தெரிந்த நமக்கு, தென்காசிச் சீமையின் இந்த மனிதரை ஏனோ அவ்வளவாகத் தெரியவில்லை.

சங்கரன்கோவில் கடைவீதியில் நின்று 'கோமதி' என்றோ 'சங்கரா' என்றோ உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பாதி சிவன், பாதி திருமாலாக நிற்கும் சங்கரநாராயணரும், அந்தக் கோலத்தைக் காணத் தவமிருந்த கோமதி அம்மனும் சுற்றுவட்டாரம் முழுக்கக் குழந்தைகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள். ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டத்தில் அந்தப் பெயர்க்காரர்களை எண்ணி மாளாது.

1901 ஏப்ரல் 5-ம் தேதி, குற்றாலத்தை அடுத்த வல்லம் கிராமத்தில் சுப்பையா பிள்ளை - கோமதி அம்மாள் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் சிவசங்கரநாராயணன். அம்மா கோமதி, மகன் சங்கரநாராயணன்... சங்கரன்கோவில் சன்னதியே வீட்டுக்குள் வந்துவிட்டது போல! அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். 2019-ல் தென்காசி மாவட்டம் உருவானபோது வல்லமும் சங்கரன்கோவிலும் சேர்ந்தே அதற்குள் வந்தன.

அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை சுலபமாக அமையவில்லை. ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தந்தையும் போய்விட்டார். படிப்பு அதோடு நின்றிருக்க வேண்டியது. பையனின் அறிவை அடையாளம் கண்ட ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட அதே ஆண்டில் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். உலகம் அவர் பெயரைக் கவனிக்கவைத்த கணக்கு அங்கேதான் நடந்தது.

அது என்ன கணக்கு? நமக்குப் பழக்கமான சில்லறைப் பிரச்னையில் இருந்தே தொடங்கலாம்.

விநோதமான ஒரு கடை

நம்மிடம் 1, 2, 5, 10, 20, 50, 100 என்று நாணயங்களும் நோட்டுகளும் இருக்கின்றன. எந்தத் தொகையையும் சில நோட்டுகளில் கொடுத்துவிடலாம். இப்போது ஒரு விநோதமான கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே செல்லுபடியாகும் நோட்டுகள் இவை மட்டும்தான்: 1, 64, 729, 4,096, 15,625, 46,656...

இவை எங்கிருந்து வந்தன? ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் கிடைப்பவை. 2×2×2×2×2×2 = 64. அதேபோல 3-ஐ ஆறு முறை பெருக்கினால் 729. 4-ஐப் பெருக்கினால் 4,096. இவற்றை ஆறாம் அடுக்கு எண்கள் என்பார்கள்.

இந்தக் கடையில் 703 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறீர்கள். மீதிச் சில்லறை தரமாட்டார்கள், சரியாகக் கொடுக்க வேண்டும். 729 நோட்டு பெரிது, உதவாது. 64 நோட்டில் பத்து கொடுத்தால் 640. பதினொன்று கொடுத்தால் 704. ஒரே ஒரு ரூபாய் அதிகமாகிவிடுகிறது! ஆகவே பத்தோடு நிறுத்தி, மீதி 63 ரூபாயையும் ஒற்றை ரூபாய்களாக எண்ணித்தான் வைக்க வேண்டும். 10 + 63 = 73 நோட்டுகள்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு ரூபாய் கூடுதலாக 704-க்கு வாங்கியிருந்தால் வெறும் 11 நோட்டில் வேலை முடிந்திருக்கும்.

சரி, 703-க்கே 73 தேவை என்றால் ஏழு லட்சத்துக்கு? எழுபது கோடிக்கு? தொகை ஏற ஏற நோட்டுகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகுமா? எங்காவது நிற்குமா?

எஸ்.எஸ்.பிள்ளை சொன்ன பதில்: நிற்கும். எவ்வளவு பெரிய முழு எண்ணாக இருந்தாலும் 73 நோட்டுகளுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. 703 என்ற அந்தச் சின்ன எண் கேட்ட 73-தான் உச்சம். அவர் இதை நிரூபித்த ஆண்டு 1940.

போட்டுப் பார்த்தால் தெரியாதா?

'கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?' என்று கேட்கலாம். போட்டுப் பார்ப்போம்.

ஒரு லட்சம் ரூபாய். பெரிய நோட்டில் இருந்து கழித்துக்கொண்டே வருவோம். 46,656-ல் இரண்டு, 4,096-ல் ஒன்று, 729-ல் மூன்று, 64-ல் ஆறு, ஒற்றை ரூபாய் இருபத்தொன்று. மொத்தம் 33 நோட்டுகள். 73-க்குள் அடங்கிவிட்டது.

இப்போது 3,619 ரூபாய். அதே வழியில் போனால் 729-ல் நான்கு வைக்கலாம், அது 2,916. மீதி? பழைய வில்லன் 703! அதற்கு 73 நோட்டு. ஆக மொத்தம் 77. பிள்ளையின் கணக்கு தப்பா?

இல்லை. 729-ல் நான்குக்குப் பதில் மூன்று மட்டும் வையுங்கள். 2,187 ஆகிறது. மீதி 1,432-க்கு 64-ல் இருபத்திரண்டும் ஒற்றை ரூபாய் இருபத்துநான்கும் போதும். 3 + 22 + 24 = 49. 77 எங்கே, 49 எங்கே!

கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. பெரிய நோட்டில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது சிக்கனமான வழி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தொகைக்கும் ஏராளமான வழிகள் உண்டு. அவற்றில் 73-க்குள் அடங்கும் ஒன்றாவது இருந்தே தீரும் என்று சொல்ல வேண்டும். அதையும் ஓர் எண்ணுக்கல்ல, முடிவே இல்லாத அத்தனை எண்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு கோடி எண்களைச் சோதித்தாலும் ஒரு கோடியே ஒன்றாவது எண் காலை வாரலாம்.

170 ஆண்டுக் கேள்வி

இந்தக் கேள்வியை உலகுக்குக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வேரிங். 1770-ல் அவர் எழுதிய புத்தகத்தில், எந்த முழு எண்ணையும் 4 வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அல்லது 9 கனங்களின், அல்லது 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம், 'இப்படியே மேலும்' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். நிரூபணம் தரவில்லை.

வர்க்கங்களுக்கு 4 போதும் என்பதை அதே 1770-ல் லக்ராஞ்ச் நிரூபித்தார். கனங்களுக்கு 9 என்பது உறுதியாக 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிரூபணத்தில் இருந்த ஓட்டை 1912-ல்தான் அடைபட்டது. எந்த அடுக்கை எடுத்தாலும் ஏதோ ஓர் உச்சவரம்பு இருக்கும் என்று ஜெர்மனியின் ஹில்பர்ட் 1909-ல் காட்டினார். ஆனால் அந்த வரம்பு எவ்வளவு என்று அவர் வழியில் தெரியவில்லை.

இங்கே நம் ராமானுஜன் வருகிறார். ஓர் எண்ணை எத்தனை விதமாகச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று கணக்கிட, அவரும் ஹார்டியும் 1918-ல் ஒரு புதிய வழியைக் கண்டார்கள். ராமானுஜன் மறைந்த பின்பு ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வேரிங்கின் கேள்விக்குத் திருப்பினார்கள். ரஷ்யாவின் வினோகிராதோவ் அதை மேலும் கூர்மையாக்கினார். அந்தக் கருவி சிதம்பரத்தில் இருந்த பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. மிகப் பெரிய எண்கள் என்றால் எளிதில் வசப்படும். எண் பெரிதானால் அதைப் பிரிக்கும் வழிகளும் பெருகுகின்றன. எங்காவது ஒரு நல்ல வழி அகப்பட்டுவிடும். ஆறாம் அடுக்கில் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் 24 நோட்டே போதும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முரண்டு பிடிப்பவை 703 போன்ற சிறிய எண்கள். நிஜமான பாடு, அந்தச் சிறிய எண்களுக்கும் கருவி பிடிபடத் தொடங்கும் மாபெரும் எண்ணுக்கும் இடையே கிடக்கும் பாலைவனத்தைக் கடப்பது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பிள்ளை அதைக் கடந்தார்.

ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேலும் உள்ள சூத்திரத்தை 1936-ல் அவரும், அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த டிக்சனும் தனித்தனியே கண்டடைந்தார்கள். ஒருவர் வசதிகள் நிறைந்த சிகாகோவில், இன்னொருவர் தொடங்கி ஏழே ஆண்டு ஆகியிருந்த சிதம்பரம் பல்கலைக்கழகத்தில்! மிஞ்சி நின்ற ஆறாம் அடுக்கையும் 1940-ல் பிள்ளை முடித்தார்.

ஐந்தாம் அடுக்குக்கு 37 என்ற விடை 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருனிடமிருந்து வந்தது. நான்காம் அடுக்குக்கு 19 என்று வேரிங் சொன்னது 1986-ல்தான் நிரூபணமானது. அதைச் செய்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர்.பாலசுப்பிரமணியன். வேரிங் கேட்ட கேள்விக்கான விடைகளில் இரண்டு இடங்களில் தமிழ்நாட்டுக் கையெழுத்து இருக்கிறது.

ஏழு வரை சரி, எட்டில்..?

'நாலைந்து உதாரணம் சரியாக வந்தால் போதாதா?' என்பவர்களுக்குப் பிள்ளை எழுப்பிய இன்னொரு கேள்வியே பதில்.

1-ல் தொடங்கி 4 வரை பெருக்குங்கள்: 1×2×3×4 = 24. அதோடு 1 கூட்டினால் 25. இதை வகுக்கும் பகா எண் 5. அந்த 5-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1.

5 வரை பெருக்கி 1 கூட்டினால் 121. அதை வகுக்கும் பகா எண் 11. 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6 வரை போனால் 721, அது 7×103. இரண்டையும் 6-ஆல் வகுத்தால் மீதி 1. 7 வரை போனால் 5,041; அது 71×71. 71-ஐ 7-ஆல் வகுத்தாலும் மீதி 1! 2, 3 ஆகியவற்றுக்கும் இதுவே கதை.

எப்போதும் மீதி 1 தான் வருமா? 8 வரை பெருக்கி 1 கூட்டுங்கள். 40,321. அது 61×661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. ஏழு வரை தொடர்ந்து வந்த ஒழுங்கு எட்டில் உடைந்துவிட்டது.

இப்படி ஒழுங்கை உடைக்கும் பகா எண்களுக்கு இன்று உலகெங்கும் 'பிள்ளை பகா எண்கள்' என்றே பெயர். அவற்றில் மிகச் சிறியது 23. அது உடைக்கும் இடங்களில் ஒன்று, 14 வரை பெருக்கி 1 கூட்டினால் வரும் 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201. செல்போன் கால்குலேட்டரில் 87178291201 என்று அடித்து 23-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் வகுபடும். ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. பிள்ளை பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பது 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.

2184-ல் ஒரு கூட்டணி

இன்னொன்று. அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் யாரோடும் ஒட்டாத ஒருவர் இருப்பார். அதாவது, மற்ற எந்த எண்ணோடும் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண். பள்ளிப் பாடத்தில் சார்பகா எண்கள் என்று படித்திருப்பீர்கள். 8, 9, 10 என்ற மூன்றில் 9 அப்படிப்பட்டது.

அடுத்தடுத்த எண்கள் 16 வரை இருந்தால் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார் என்று நிரூபித்தார் பிள்ளை. 17 என்றால்? உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். அங்கே தனி ஆளே கிடையாது!

இரட்டைப்படை எண்களுக்கு 2 பொதுவாகிவிடும். ஒற்றைப்படை எண்களை மட்டும் பார்த்தால் போதும். 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல் வகுபடும், 2184-ம் அப்படியே. 2185, 2195 இரண்டும் 5-ஆல் வகுபடும், 2200-ம் அப்படியே. 2191-க்கும் 2184-க்கும் 7 பொது. 2197-க்கும் 2184-க்கும் 13 பொது. கடைசியாக 2189, அதற்கும் 2200-க்கும் 11 பொது. இரண்டு முனைகளிலும் நிற்கும் 2184-ம் 2200-ம் சேர்ந்து நடுவில் இருக்கும் அத்தனை பேரையும் வளைத்துப் போட்டுவிட்டன.

'இதனால் என்ன பயன்?' என்ற கேள்வி எழும். பிள்ளையின் தேற்றங்கள் உங்கள் செல்போனுக்குள் வேலை செய்கின்றன என்று சொன்னால் அது பொய். ஆனால் பகா எண், சார்பகா எண், வகுத்தால் வரும் மீதி என்று அவர் வாழ்நாள் முழுக்க உழன்ற அதே சரக்கில்தான், 1977-ல் உருவான ஆர்எஸ்ஏ என்ற ரகசியப் பூட்டு செய்யப்பட்டது. இணையத்தில் நம் தகவல்களைக் காக்க அது பெருமளவில் பயன்பட்டது. பூட்டு செய்தவர்களுக்குச் சரக்கு தயாராக இருந்ததற்குக் காரணம், பயன் என்ன என்று கேட்காமல் உழைத்த பல தலைமுறை.

கெய்ரோவில் முடிந்த பயணம்

1941-ல் பிள்ளை திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் சென்றார். அடுத்த ஆண்டே கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. 1950-ல் பெரிய அழைப்பு வந்தது. ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி. அதற்கு முன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உலகக் கணித மாநாட்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் பங்கேற்பு.

பம்பாயில் இருந்து நியூயார்க் செல்லும் டிடபிள்யூஏ 903 விமானத்தில் கிளம்பினார். 1950 ஆகஸ்ட் 31 அதிகாலை, எகிப்தின் கெய்ரோவில் இருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் இன்ஜினில் தீப்பிடித்து விமானம் பாலைவனத்தில் விழுந்தது. இருந்த 55 பேரும் பலி. பிள்ளைக்கு அப்போது வயது 49. மாநாடு முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது.

அவருடைய கட்டுரைகளில் பல இந்தியக் கணிதக் கழக இதழிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் வெளிவந்தவை. அவை சிதறிக் கிடந்தன. ஆர்.பாலசுப்பிரமணியனும் ஆர்.தங்கதுரையும் தேடித் தொகுத்து, 2010-ல் ராமானுஜன் கணிதக் கழகத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்து, அவர் உழைப்பு ஓரிடத்தில் சேர்ந்தது.

இன்னும் மிச்சமிருக்கிறது

பிள்ளை விட்டுச்சென்ற ஒரு கேள்வி இன்றுவரை திறந்தே கிடக்கிறது. வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128... பக்கத்துப் பக்கத்து எண்களின் இடைவெளியைப் பாருங்கள். சில இடங்களில் நெருக்கம், சில இடங்களில் அகலம். குறிப்பிட்ட ஓர் இடைவெளி இந்த வரிசையில் சில தடவைதான் வரும், முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்காது என்பது பிள்ளையின் ஊகம்.

இடைவெளி 1 வருவது 8-க்கும் 9-க்கும் நடுவில் மட்டுமே என்பதை நிரூபிக்கவே 2002 ஆனது. இடைவெளி 2? 25, 27 நமக்குத் தெரியும். வேறு ஜோடி உண்டா, இல்லையா என்று இந்த நிமிடம் வரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. கேள்வியைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். பதில் சொல்ல, வல்லத்திலோ சங்கரன்கோவிலிலோ இன்றைக்குப் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை வரலாம். அன்று ஓர் ஆசிரியர் கொடுத்த கை, அந்தப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

வீட்டில் குழந்தைகளோடு போட்டுப் பாருங்கள்!

1. கடையில் வர்க்க நோட்டுகள் மட்டும்: 1, 4, 9, 16... எந்தச் சிறிய தொகைக்கு முதன்முதலில் 4 நோட்டுகள் தேவை?

2. கன நோட்டுகள் மட்டும்: 1, 8, 27, 64... எந்தச் சிறிய தொகைக்கு 9 நோட்டுகள் தேவை?

3. நான்காம் அடுக்கு நோட்டுகள் மட்டும்: 1, 16, 81, 256... எந்தச் சிறிய தொகைக்கு 19 நோட்டுகள் தேவை?

விடைகள்: 7 (4+1+1+1), 23 (8-ல் இரண்டு, 1-ல் ஏழு), 79 (16-ல் நான்கு, 1-ல் பதினைந்து).

ஒரு குறிப்பு: மூன்று விடைகளிலும் 703-ன் சாயல் தெரிகிறதா? இரண்டாவது நோட்டின் மடங்குகளில், மூன்றாவது நோட்டைத் தாண்டாத பெரிய மடங்கை எடுங்கள். அதில் ஒரு ரூபாய் குறையுங்கள். 8-ல் ஒன்று குறைந்தால் 7. 24-ல் ஒன்று குறைந்தால் 23. 80-ல் ஒன்று குறைந்தால் 79. 704-ல் ஒன்று குறைந்தால் 703. அப்படியானால் ஏழாம் அடுக்கில் அந்த வில்லன் யார், அவருக்கு எத்தனை நோட்டு? நோட்டுகள் 1, 128, 2,187. வில்லன் 2,175, நோட்டுகள் 143. எப்படி என்று நீங்களே கண்டுபிடியுங்கள்!